இழுப்பதும் நிறுத்துவதும்

பாப்பாவுக்கு வயது ஐம்பத்தாறு. முட்டி வலி, மூக்குக் கண்ணாடி, கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் மகள், எல்லாம் உண்டு. ஆனால் அண்ணன் வாயில் அவள் இன்னும் பாப்பாதான். அண்ணன் வாயிலிருந்து அது அவர்களுடைய இசை மண்டபம் முழுக்கப் பரவி, நாற்காலி அடுக்குகிறவர் முதல் கமிட்டித் தலைவர் வரை எல்லோருக்கும் அவள் பாப்பாவாகிவிட்டாள். இதற்கே அவள் என்றைக்கோ கோபப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

சேர்த்து வைத்தது வெளியே வந்த நாளில் இருவரும் மேடைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒத்திகை முடிந்திருந்தது. அண்ணன் டீயை ஊதி ஊதிக் குடித்தபடி, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற அதே குரலில் சொன்னான்.

"அடுத்த மாசத்தோட நான் விட்டுடறேன், பாப்பா. முதுகு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. தலைவர்கிட்டயும் பேசிட்டேன். இனிமே என் பையன் உக்காருவான்."

"எங்க உக்காருவான்?"

"பெஞ்சுலதான். வேற எங்க?"

"அவனுக்கு என்னண்ணே தெரியும்? வீட்ல கீபோர்டு தட்டறவன்."

"பழகிப்பான். பக்கத்துலதான் நீ இருக்கியே, அப்புறம் எனக்கென்ன கவலை?"

பாப்பா டீயைக் கீழே வைத்தாள். வைத்த வேகத்தில் பாதி டீ மேஜையில் கொட்டியது. அண்ணன் அதைத் துடைக்கத் துணி தேடினானே தவிர, அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பெஞ்சு என்று அவன் சொன்னது மண்டபத்து ஆர்கனின் பெஞ்சை. மேடையின் பின்சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிற வாத்தியம் அது. ஆள் உயரக் குழாய், அதற்கு மேல் இரண்டு ஆள் உயரக் குழாய், விரல் நீளக் குழாய் என்று வரிசை வரிசையாக நிற்கும். நிலவறையில் ஒரு மோட்டார் காற்றை ஊதும். கீழே வாசிப்பவருக்கு முன்னால் மூன்று அடுக்குக் கட்டைகள், காலுக்கு ஒரு அடுக்கு. கட்டைகளுக்கு இடமும் வலமும் கதவுப் பிடி மாதிரி மரக் குமிழ்கள், ஒவ்வொன்றின் முகத்திலும் எக்காளம், புல்லாங்குழல் என்று ஒரு பெயர். குமிழை இழுத்தால் அந்தப் பெயருள்ள குழாய் வரிசைக்குக் காற்று போகும். உள்ளே தள்ளினால் நின்றுவிடும். எல்லாக் குமிழும் உள்ளே இருக்கிறபோது கட்டையில் உருண்டு புரண்டாலும் ஒரு சத்தம் வராது.

வாசிப்பவருக்கு இரண்டு கையும் இரண்டு காலும் ஓயாது. அதனால் பெரிய கச்சேரிகளில் குமிழைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்பதுண்டு. அந்த ஆள்தான் பாப்பா. கச்சேரி என்று ஒன்று இருந்தால் அண்ணன் உட்கார்ந்திருப்பான், பாப்பா நின்றிருப்பாள். கறுப்பு உடுப்பு, ரப்பர் செருப்பு, கையில் வளையல் கிடையாது. வளையல் குலுங்கினால் முதல் வரிசைக்குக் கேட்கும். வலப்பக்கக் குமிழை இழுத்துவிட்டு, அண்ணனின் முதுகை உரசிக்கொண்டு சுற்றி ஓடி, இடப்பக்கத்தில் இரண்டைத் தள்ளி ஒன்றை இழுத்து, மறுபடி ஓடி வந்து இசைத் தாளைத் திருப்ப வேண்டும். பழைய வாத்தியம், குமிழ் ஒவ்வொன்றும் பிடிவாதம் பிடிக்கும். அவளுடைய வலது தோள்பட்டை அதிலேயே போய்விட்டது. எலும்பு டாக்டர், "என்னம்மா, மூட்டை தூக்கற வேலையா?" என்று கேட்டார். "இல்ல சார், சங்கீதம்" என்றாள்.

எந்த இடத்தில் எந்த வரிசை ஒலிக்க வேண்டும் என்பதை முடிவு செய்தவளும் அவள்தான். அண்ணனின் தாள்களில் ஒரு குறிப்பும் இருக்காது. பென்சில் பட்டால் தாள் அழுக்காகிவிடும் என்பான். எல்லாம் பாப்பாவின் தலைக்குள் இருந்தது. இந்த இடத்தில் எக்காளம் போய்ப் புல்லாங்குழல் வர வேண்டும், இங்கே வயலின் மாதிரி இழைகிற வரிசை மட்டும் போதும் என்று அவள் பல நாள் யோசித்து, வெறும் மண்டபத்தில் தானே வாசித்துப் பார்த்து வைத்திருந்தாள். "உங்க அண்ணன் கையில சத்தத்துக்கு என்னா நிறம், என்னா நிறம்!" என்று ஜனங்கள் அவளிடமே வந்து சொல்வார்கள். அவளும் பல்லைக் காட்டுவாள்.

வாசிக்கத் தெரியாதவள் இல்லை. அப்பா இருவருக்கும்தான் கற்றுக்கொடுத்தார். அப்பாவே அந்த மண்டபத்தின் வாசிப்பாளர். தினம் சாயங்காலம் இருவரையும் கூட்டிப் போய் மாறி மாறி உட்காரவைப்பார். பாப்பாவுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அவள் அண்ணனைத் தாண்டிப் போக ஆரம்பித்தாள். அது அப்பாவுக்கும் தெரிந்தது, அண்ணனுக்கும் தெரிந்தது. ஒரு நாள் அப்பா, "நீ எந்திரி, அண்ணனுக்குக் குமிழ் இழு. ரெண்டு பேரும் ஒத்துமையா இருக்கணும்" என்றார். அப்பா சொன்ன ஒற்றுமை அதுதான்: ஒருவர் உட்கார, ஒருவர் நிற்க. அன்றிலிருந்து நின்றவள்தான். அப்பா போன பிறகு கமிட்டி அண்ணனை நியமித்தபோதும் அதே வாசிப்பு, அதே நிற்பு. அவளுடைய இடத்தைப் பற்றி யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதில் அண்ணனின் தமாஷ் வேறு. கச்சேரி தொடங்குவதற்கு முன் மைக்கைப் பிடித்து வாத்தியத்தை அறிமுகப்படுத்துவான். குழாய், மோட்டார், கட்டை எல்லாம் சொல்லிவிட்டுக் குமிழுக்கு வருவான். "இதுக்கு இங்கிலீஷ்ல டிராஸ்டாப்னு பேரு. டிரான்னா இழு, ஸ்டாப்னா நிறுத்து. ரெண்டு வேலை, ரெண்டு ஆளு. இழுக்கறது என் தங்கச்சி. எப்ப நிறுத்தணும்னு சொல்றது நானு. சொல்லலைன்னா நிறுத்தவே மாட்டா, வாயும் அப்படித்தான்!" மண்டபம் கொல்லென்று சிரிக்கும். பாப்பா தலையைக் குனிந்து ஒரு சிரிப்பு சிரித்தாக வேண்டும். ஒவ்வொரு கச்சேரிக்கும் அதே வாக்கியம், அதே இடைவெளி, அதே சிரிப்பு.

அந்தத் தமாஷின் மேல் இருந்த கடுப்பில்தான் அவள் ஒரு நாள் நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியையும் ஆர்கனைப் பற்றிய தடித்தடிப் புத்தகங்களையும் எடுத்து வைத்து உட்கார்ந்தாள். அறிவு வளர்ப்பதற்காக அகராதி புரட்டுகிறவர்கள் உண்டு. பாப்பா அண்ணனை மடக்குவதற்காகப் புரட்டினாள். புரட்டியவளுக்கு அங்கே கிடைத்தது அவள் எதிர்பாராதது.

மிகப் பழைய ஆர்கன்களில் குமிழே கிடையாது. ஒரு கட்டையை அமுக்கினால் அதற்குரிய குழாய்கள் அத்தனையும், சின்னதும் பெரியதுமாக, ஒரே நேரத்தில் கத்தும். மெல்ல வாசிக்க வழியில்லை. வாசித்தால் முழுக் கூச்சல், இல்லையென்றால் மௌனம். பிறகுதான் யாரோ ஒவ்வொரு குழாய் வரிசைக்கும் அடியில் ஓட்டை போட்ட ஒரு பலகையைச் செருகினார்கள். பலகையை நகர்த்தினால் ஓட்டை மாறிக் காற்று அடைபடும். அந்த வரிசை வாயை மூடும். அன்றைக்கு அதுதான் அதிசயம். சத்தம் போடுவது முன்பே வந்துவிட்டது. சத்தத்தை நிறுத்துவது அப்போதுதான் வந்தது. அதனால்தான் நிறுத்து என்பதே அதற்குப் பெயராயிற்று. பலகையை நகர்த்தக் கைப்பிடி வைத்து, அதை இழுக்கிற மாதிரி செய்த பிறகு, இழு என்பது முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. நாளடைவில் குழாய் வரிசையையே ஸ்டாப் என்று சொல்லிப் பழகி, ஒலிக்கிற பொருளுக்கு நிறுத்து என்று பெயர் நிலைத்துவிட்டது. அகராதிக்காரர்கள் ஒரேயடியாகச் சத்தியம் செய்யவில்லை. புல்லாங்குழல் துளையை விரலால் அடைப்பதற்கும் அதே சொல் இருந்தது, அங்கிருந்தும் வந்திருக்கலாம் என்று ஒரு வால் வைத்திருந்தார்கள். பாப்பா அந்த வாலையும் படித்தாள். படித்துவிட்டு, பலகைக் கதையைத்தான் கையோடு கொண்டு வந்தாள்.

அண்ணனிடம் சொன்னாள். "பேரே நிறுத்தறதுக்குத்தான்ணே வந்திருக்கு. இழுக்கறது பின்னால ஒட்டுனது. உன் தமாஷ் தப்பு."

"சரி, இருக்கட்டும். ஜனங்க சிரிக்கறாங்களா இல்லையா?"

"சிரிக்கறாங்க."

"அப்புறம் என்ன?"

அடுத்த கச்சேரியிலும் அதே தமாஷ்தான்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்தக் கோட்டு விஷயம் ஒன்று உண்டு. நான்கைந்து வருடங்களுக்கு முன், பெரிய கச்சேரி ஒன்றுக்கு முதல் நாள் அண்ணனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. டிக்கெட் எல்லாம் விற்றாகிவிட்டது. அண்ணன் படுத்த படுக்கையிலேயே யோசனை சொன்னான். வாசிப்பவர் ஜனங்களுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார். பாப்பாவுக்கும் அவன் உயரம்தான், கிராப்புத் தலைதான். அவனுடைய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, விளக்கு அணைந்த பிறகு போய் உட்கார்ந்து வாசித்துவிட்டு, விளக்கு வருவதற்குள் வந்துவிட வேண்டும். குமிழ் இழுக்கிற தங்கச்சிக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம். அறிவித்தால் கமிட்டி பதறும், ஜனம் பணத்தைத் திருப்பிக் கேட்கும். "எனக்காகச் செய், பாப்பா." செய்தாள். தானே வாசித்து, கை ஓய்கிற அரை மூச்சில் தானே இழுத்து, தானே தள்ளினாள். அண்ணன் வாழ்க்கையில் வாசித்ததிலேயே அதுதான் சிறந்த கச்சேரி என்று ஊரெல்லாம் பேச்சு. பாராட்டியவர்களிடமெல்லாம் அண்ணன், "எல்லாம் உங்க ஆசீர்வாதம்" என்றான். கோட்டைச் சலவைக்குப் போட்டுத் திருப்பிக் கொடுத்தவளும் பாப்பாதான். அட, மானங்கெட்ட கோட்டே!

இப்போது பெஞ்சு மருமகனுக்காம், அண்ணன் பெற்ற பையனுக்காம். இவள் அவனுக்குப் பக்கத்தில் நின்று இழுக்க வேண்டுமாம். தோள்பட்டை கழன்று கீழே விழும்வரை இழுக்க வேண்டும் போலிருக்கிறது.

அன்று வீட்டுக்கு வந்து பாத்திரம் துலக்கினாள். துலக்கினாள் என்பதை விட, பாத்திரங்களோடு மோதினாள். அவள் கணவர் அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். அவரே செய்தித்தாளைத் தாழ்த்திவிட்டுச் சொன்னார்: "சண்டை போடணும்னா போய் மண்டபத்துல போடு. அந்தக் குக்கர் உனக்கு என்ன செஞ்சுது?"

மறுநாளே போனாள். கமிட்டித் தலைவர் கட்டட ஒப்பந்தக்காரர். நல்ல மனிதர் என்று பெயர். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார்.

"சார், அந்தப் பெஞ்சு எனக்கு வேணும்."

"உக்காருங்க, உக்காருங்க. நாற்காலி இருக்கே."

"ஆர்கன் பெஞ்சு சார். அண்ணனுக்கு அப்புறம் நான் வாசிக்கறேன்."

தலைவர் தலையாட்டினார். அவர் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. "நீங்க வாசிச்சா, குமிழ் யாரும்மா இழுப்பா?"

பாப்பா நாற்காலி முனைக்கு நகர்ந்தாள். "நானே இழுத்துப்பேன். நிறையப் பேர் அப்படித்தான் வாசிக்கறாங்க."

"இருக்கலாம். ஆனா நீங்க மேடையில தனியா வாசிச்சு யாரும் கேட்டதில்லையே?"

கோட்டு விஷயம் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அண்ணன் ஊருக்கு முன்னால் பொய்யனாவான். விழுங்கிக்கொண்டாள். விழுங்கியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு எழுந்தாள். தலைவர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். "அண்ணன் ஒரு வார்த்தை சொல்லட்டும்மா. அவர் சொன்னா கமிட்டியில யாரும் மறுப்பு சொல்ல மாட்டாங்க."

ஆகவே அண்ணன் வீட்டுக்கு. அண்ணி கதவைத் திறந்தாள். மருமகன் சோபாவில் உட்கார்ந்திருந்தான். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, முப்பதை நெருங்கும் வயது, பொல்லாதவன் இல்லை. பாப்பா செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லுண்ணே, தலைவர்கிட்ட. எனக்குக் குடுக்கச் சொல்லி ஒரே ஒரு வார்த்தை."

"இந்த வயசுல உனக்கு எதுக்கு பாப்பா இந்த ஆசை?"

"உனக்கு அறுபது. இதுவரைக்கும் உக்காந்துதானே இருந்தே?"

"அது வேற."

"என்ன வேற? சொல்லு, கேக்கறேன்."

அண்ணி குறுக்கே வந்தாள். "குடும்பத்துக்குள்ளதானே போகுது? வெளி ஆளுக்கா குடுக்கறாரு?"

"நான் வெளி ஆளா அண்ணி?"

அண்ணி சமையலறைக்குள் போய்விட்டாள். மருமகன் நெளிந்தான். "அத்தை, நான் பெஞ்சு வேணும்னு கேக்கவே இல்ல."

"கேக்காமலே கிடைக்குது பாரு, அதான்டா எனக்கு எரியுது."

அண்ணனுக்கும் குரல் ஏறியது. "சும்மா கத்தாத. குமிழ் இழுக்கறது ஒரு பெரிய வித்தையா? யார் வேணாலும் இழுக்கலாம். நீ இருக்கறது எனக்கு வசதி, அவ்வளவுதான்."

பாப்பா கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள். "யார் வேணாலும் இழுக்கலாமா? சரி. உன் கடைசிக் கச்சேரிக்கு யாரையாவது கூப்டுக்கோ. நான் மூணாவது வரிசையில உக்காந்து கேக்கறேன்."

"வராத! நானே இழுத்துக்கறேன். எனக்குத் தெரியாதா?" என்று அவள் முதுகுக்குப் பின்னால் அண்ணன் கத்தினான்.

அடுத்த மாதம், அண்ணனின் கடைசிக் கச்சேரி நடந்த ஞாயிற்றுக்கிழமை, மண்டபம் நிரம்பி வழிந்தது. பாப்பா சொன்னபடியே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். ஆர்கனை அவள் எதிரில் உட்கார்ந்து கேட்டதே இல்லை. எப்போதும் அதன் வாய்க்குப் பக்கத்திலேயே நின்றவள். முதல் வரிசை முழுக்கக் கமிட்டி. அண்ணன் மைக்கைப் பிடித்தான். குமிழுக்கு வந்தான். "இழுக்கறது என் தங்கச்சி" என்று சொல்லிப் பழக்கத்தில் பக்கவாட்டில் கையைக் காட்டினான். அங்கே யாருமில்லை. "இன்னைக்கு லீவு போட்டுட்டா!" என்றான். இரட்டிப்புச் சிரிப்பு.

முதல் உருப்படி தப்பித்தது. அது ஆரம்பம் முதல் கடைசிவரை கம்பீரமாகப் போகிற ஒன்று. தொடக்கத்தில் இழுத்து வைத்ததை மாற்ற வேண்டியதில்லை. இரண்டாவதில்தான் பாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தாள். புல்லாங்குழல் வர வேண்டிய இடத்தில் அண்ணன் எட்டிப் புல்லாங்குழல் குமிழை இழுத்தான். சரியான குமிழ்தான். ஆனால் அதற்கு முன்பிருந்த எக்காளத்தை உள்ளே தள்ளவில்லை. எக்காளத்துக்கு அடியில் புல்லாங்குழல் மூச்சுத் திணறிச் செத்தது. அடுத்த மாற்றத்தில் இன்னொன்றை இழுத்தான். அதற்கடுத்து இன்னொன்று. ஒன்றைக்கூடத் தள்ளவில்லை.

பாப்பாவுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருடமாக அண்ணனின் காதுக்கு வந்தது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. போனது தெரியவில்லை. அவள் ஒரு குமிழை இழுப்பதற்குள் மூன்றை உள்ளங்கையால் தள்ளியிருப்பாள். அது கச்சேரியின் பாதி வேலை, பாதிக்கும் மேல். அவன் அதை ஒரு நாளும் பார்க்கவில்லை. கை ஓய்கிற அரை மூச்சில் ஒன்றுதான் செய்ய முடியும். அண்ணன் ஒவ்வொரு தடவையும் இழுத்தான். ஏதோ தப்பு என்று அவனுக்குத் தெரிந்ததை, அவன் கழுத்து விறைத்ததில் அவள் பார்த்தாள். தெரிந்ததும் பதறி, இருக்கிற ஒரு கையால் இன்னும் ஒன்றை இழுத்தான்.

மெதுவான உருப்படி வந்தது. ஒரே ஒரு வரிசையில், பக்கத்து நாற்காலிக்காரர் எச்சில் விழுங்குவது கேட்கிற அளவுக்கு மெல்லத் தொடங்க வேண்டியது. அந்த ஒன்றை அமைதியாக்க அவள் ஒரு மழைக்காலம் முழுக்கச் செலவழித்திருக்கிறாள். அது வாத்தியத்தின் அத்தனை குழாய்களோடும் இடித்துக்கொண்டு வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. குமிழே இல்லாத காலத்து ஆர்கன் எப்படிக் கத்தியிருக்கும் என்று புத்தகத்தில் படித்தவளுக்கு, அதைக் காதால் கேட்கவும் வாய்த்தது. மடியில் கிடந்த அவள் உள்ளங்கைகள் தள்ளிக்கொண்டே இருந்தன. போய் நிறுத்திவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்து, இரண்டு தடவை உட்கார்ந்தாள். கேக்கட்டும். எல்லாரும் கேக்கட்டும். நான் இல்லைன்னா என்ன ஆகும்னு இன்னைக்குத் தெரியட்டும்.

கடைசி ஸ்வரம் நின்றது. பிறகு மண்டபம் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது.

பாப்பா சுற்றிப் பார்த்தாள். முன்னால் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து ஆள் அவள் தோளைத் தொட்டு, "என்னா கம்பீரம் பாத்தீங்களா! தூணெல்லாம் அதிருது. மனுசன் கடைசி நாள்ல கொட்டித் தீத்துட்டாரு!" என்றார். தலைவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவள் இல்லை என்பதே ஒருவர் காதிலும் விழவில்லை. இவ்வளவு நாள் இவர்களுக்காகவா தள்ளினேன் என்று நினைத்தபோது, அண்ணன் மேல் இருந்ததைவிடப் பெரிய கோபம் வந்தது.

மேடைக்குப் பின்னால் ஓடினாள். அண்ணன் நாற்காலியில் கிடந்தான். குடித்த தண்ணீர் சிந்திச் சட்டை நனைந்திருந்தது.

"கேட்டியா?" என்றான்.

"கேட்டேன்."

"அந்த மெதுவானதை நான் கொன்னுட்டேன், பாப்பா. எதை எடுக்கணும்னே தெரியல. இழுக்க இழுக்க ஏறிக்கிட்டே போச்சு."

"வெளியில கைதட்றாங்க."

"தட்றவனுங்களுக்கு என்ன தெரியும்?" அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "நாளைக்குத் தலைவர்கிட்ட சொல்லிடறேன். உனக்கே குடுக்கச் சொல்றேன்."

"நாளைக்கு வேணாம். இப்ப. மைக்குல. அந்தக் கோட்டு விஷயத்தையும் சேத்துச் சொல்லு."

அண்ணன் ஈரச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். வெளியே கைதட்டல் தாளம் போட ஆரம்பித்திருந்தது. பிறகு எழுந்தான். அதற்கு மட்டும் அவனைப் பாராட்டத்தான் வேண்டும், எழுந்து போனான். பாப்பா படுதா ஓரத்தில் நின்றாள்.

"இன்னைக்கு நீங்க கேட்டது தப்பு" என்றான் மைக்கில். மண்டபம் செல்லமாக இல்லை இல்லை என்றது. "நிஜமா சொல்றேன். என் தங்கச்சி இல்லாம எனக்கு வாசிக்கத் தெரியாது." சிரிப்பு. அவன் கையை உயர்த்தினான். "நாலஞ்சு வருசம் முன்னால பெரிய கச்சேரி ஒண்ணு நடந்துதே, ரொம்ப நல்லா இருந்துச்சுன்னீங்களே, அது நான் இல்ல. என் கோட்டைப் போட்டுக்கிட்டு அவதான் வாசிச்சா!" மண்டபம் வெடித்துச் சிரித்தது. தலைவர் தொடையில் அறைந்துகொண்டார். "தமாஷ் இல்லங்க, சத்தியமா!" என்று அண்ணன் கெஞ்சினான். கெஞ்சக் கெஞ்ச சிரிப்பு கூடியது. அவன் தங்கச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே சிரிக்க வேண்டும் என்று அவனே பழக்கி வைத்த ஜனம் அது. அவன் மைக்கைப் பிடித்தபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

பாப்பா மேடைக்கு வந்தாள். அவளைப் பார்த்ததும் இன்னும் ஒரு அலை சிரிப்பு. அவள் வாத்தியத்துக்குப் போனாள். அண்ணன் இழுத்தபடி விட்டுப் போன குமிழ்கள் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றாகத் தள்ளினாள். மெல்ல இல்லை, கோபத்தோடு, தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்க, டக் டக்கென்று. கடைசிக் குமிழ் உள்ளே போனபோது மண்டபத்தில் சிரிப்பு இல்லை.

"நீ கீழ போய் உக்காருண்ணே. மூணாவது வரிசை, என் எடம் காலியாத்தான் இருக்கு. அங்கேர்ந்து கேளு" என்றாள்.

அண்ணன் படியிறங்கிப் போனான். அவள் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே ஒரு குமிழை இழுத்து, அந்த மெதுவான உருப்படியை முதலிலிருந்து வாசித்தாள். வேண்டிய இடத்தில் தானே இழுத்தாள், வேண்டாத இடத்தில் தானே தள்ளினாள். நடுவில் யாரோ இருமியது கடைசி வரிசைவரை கேட்டது. முடித்தபோது யாரும் எழுந்து நிற்கவில்லை. கைதட்ட வேண்டும் என்றே கொஞ்ச நேரம் யாருக்கும் தோன்றவில்லை. பின்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "அப்ப அந்தக் கோட்டு..." என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டது மேடைவரை கேட்டது.

தலைவர் படியேறி வந்தார். பொன்னாடை ஒன்று அவர் கையில் மடிப்புக் கலையாமல் இருந்தது, அண்ணனுக்காக வாங்கியது. அவர் அதைத் தடவியபடி, "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்றார். "எந்திரிங்க, ஜனங்க கிளம்பட்டும். ஒரு நாள் கமிட்டி கூடிப் பேசி முடிவு சொல்றோம்."

"கூடுங்க சார். எல்லாரும் முதல் வரிசையிலதானே இருக்கீங்க."

"இப்பவேவா?"

"இப்பவே. நீங்க முடிவு சொல்ற வரைக்கும் நான் இங்கேர்ந்து எந்திரிக்க மாட்டேன்."

தலைவர் அண்ணனைப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் அண்ணன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தான். கையை எடுக்காமலே, "எந்திரிக்கச் சொல்லாதீங்க சார்" என்றான். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் இறங்கிப் போனார். முதல் வரிசை நாற்காலிகள் ஒன்றை நோக்கி ஒன்று திரும்புகிற கிரீச் சத்தம் கேட்டது. பாப்பா கட்டைகளின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை. குறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை.